தெரியாது என்று எழுதச் சொன்னவள்

அலுவலகத்தில் அவளுக்குப் பெயர் சந்தேகம். முதுகுக்குப் பின்னால் அல்ல, முகத்துக்கு நேராகவே. "சந்தேகத்துக்கு ஒரு டீ சொல்லு." "இதைச் சந்தேகத்துகிட்ட காட்டாதே, சாயங்காலம் வரைக்கும் கேள்வி கேக்கும்." அவளும் கூப்பிட்ட குரலுக்குத் திரும்புவாள். அந்தப் பெயர் தனக்குப் பொருந்துகிறது என்பதில் மட்டும் அவளுக்குச் சந்தேகம் வந்ததில்லை.

பிறவிக் குணம் அது. சின்ன வயதில் அம்மா கடைக்கு அனுப்பினால் வாசலிலேயே நிற்பாள். "பத்து வாங்கிட்டு வா" என்றால், "எது பத்து? முட்டையா, வாழைப்பழமா?" "முட்டைதான்டி." "சின்னதா, பெரிசா?" "இவளை அனுப்புறதுக்கு நானே ரெண்டு நடை போய்ட்டு வந்துடலாம்" என்று அம்மா தலையில் அடித்துக்கொள்வாள். ஆனால் அவள் வாங்கிவந்த பையில் ஒரு நாளும் தப்பான பொருள் இருந்ததில்லை. அவளைவிட ஐந்து வயது சின்னவளான தங்கை நேர் எதிர். சொல்லி முடிப்பதற்குள் ஓடிப்போய், எதையோ வாங்கி, சிரித்துக்கொண்டே திரும்புகிறவள்.

கல்யாணமும் இந்தக் குணத்தால்தான் முடிந்தது. மாப்பிள்ளை வீட்டார் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தார்கள். பெண் பார்க்க வந்த அன்று பையன் கேட்ட ஒரே கேள்வி, "பிளஸ் ரெண்டுக்கும் மைனஸ் ரெண்டுக்கும் வித்தியாசம் தெரியுமா?" அவள், "எதுல ரெண்டு?" என்று திருப்பிக் கேட்டாள். "எனக்கு இவங்களே போதும்" என்று அவன் எழுந்துவிட்டான்.

அவள் வேலை பார்த்த இடம் தரை ஓடு விற்கும் கடைக்கு மேல் மாடி. கீழே லாரியில் ஓடு இறங்கும்போதெல்லாம் மேலே மேஜை அதிரும். ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீருக்குக் கீழே ஒரு காலிப் பெயின்ட் வாளி. பத்துப் பன்னிரண்டு பேர். ஆம்புலன்ஸ், தீயணைப்பு வண்டி, தண்ணீர் லாரி என்று எங்கிருந்தெல்லாம் வண்டி அனுப்புவார்களோ, அந்தக் கட்டுப்பாட்டு அறைகளுக்கு மென்பொருள் எழுதுவது அவர்கள் தொழில்.

அதை எழுதுவதற்கு அவர்கள் சொந்தமாகவே ஒரு மொழி வைத்திருந்தார்கள். அதை உருவாக்கியவரை எல்லோரும் மாப்பிள்ளை என்பார்கள். கல்யாணமான மறுவாரம் வேலைக்குச் சேர்ந்ததால் ஒட்டிக்கொண்ட பெயர். இப்போது அவர் மகளுக்கே மாப்பிள்ளை தேடுகிறார்கள், பெயர் மட்டும் உதிரவில்லை. கட்டளைகளையெல்லாம் தமிழ்ச் சொற்களிலேயே அமைத்திருந்தார். இழுத்த இழுப்புக்கு வரும் என்பதால் அந்த மொழிக்கு ரப்பர் என்று பெயர்.

ரப்பரில் எழுதுவது சுகம். ஒரு டப்பாவுக்குப் பெயர் வைத்தால் போதும். அதில் எண்ணைப் போடலாம், எழுத்தைப் போடலாம், தேதியைப் போடலாம், ஒன்றுமே போடாமலும் விடலாம். உள்ளே என்ன என்று ரப்பர் கேட்காது. சமையலறையில் சீட்டு ஒட்டாத டப்பாக்கள் மாதிரி. சமைக்கிறவளுக்கு எது எதில் இருக்கிறது என்று கை பார்த்துக்கொள்ளும். அவள் ஊருக்குப் போன அன்றுதான் டீயில் உப்பு விழும்.

சந்தேகம் அந்த டப்பாக்களுக்குச் சீட்டு ஒட்டத் தொடங்கினாள். யாரும் கேட்டுக்கொண்டு அல்ல. கொடுத்த வேலையை முடித்துவிட்டு, மிஞ்சிய நேரத்தில், இரண்டு வருஷமாக. இந்த டப்பாவில் எண் மட்டும், இதில் எழுத்து மட்டும் என்று எழுதிவைத்தால், நிரல் ஓடுவதற்கு முன்பே, சோதனையாளர் என்று அவள் பெயரிட்ட இன்னொரு நிரல் அதை முதலிலிருந்து கடைசி வரை படித்து, எங்கே எது இடிக்கிறது என்று சொல்லிவிடும். அத்தோடு அவள் நிற்கவில்லை. நிரலின் ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு நிபந்தனை எழுத வழி செய்தாள். 'நீ எனக்கு இன்னதைத் தரவேண்டும். தந்தால் நான் இன்னதைத் திருப்பித் தருவேன்.' நிரல் ஓடும்போது யாராவது சொல் தவறினால், தவறியது யார் பக்கம் என்று அந்த நிபந்தனையே காட்டிக் கொடுக்கும். வரப்புத் தகராறு வருமுன் கல் நட்டுக்கொள்ளும் பங்காளிகள் மாதிரி.

பழைய நிரல்களை ஒரே நாளில் மாற்றச் சொன்னால் அடிக்க வருவார்கள் என்று அவளுக்குத் தெரியும். அதனால் ஒரு சலுகை வைத்தாள். என்ன சீட்டு ஒட்டுவதென்று முடிவு செய்ய முடியாவிட்டால் 'எதுவும்' என்று எழுதலாம். அந்த டப்பாவைச் சோதனையாளர் தொடாது.

அந்தச் சலுகைதான் அவளைக் கவிழ்த்தது. நிரல் எழுதும் வேகத்துக்காகவே வேகம் என்று பெயர் வாங்கியிருந்த பக்கத்து மேஜைக்காரன் ஒரு நாள் காலை உற்சாகமாக வந்தான்.

"எல்லா டப்பாவிலயும் 'எதுவும்'னு ஒட்டிட்டேன். உன் ஆளு வாயே திறக்கலை. பரம சாது."

"எல்லாத்துலயுமா?"

"எனக்கு மட்டும் இல்ல, மாப்பிள்ளைக்கும் சேர்த்து நானே ஒட்டிக் குடுத்துட்டேன். சமூக சேவை."

அவள் சிரித்துவைத்தாள். வீட்டுக்குப் போய்க் கணவனிடம் சொன்னாள். "நாய் வளர்த்தேன். எல்லாருமா சேர்ந்து அதுக்கு வாய்ப்பூட்டு போட்டுட்டாங்க. இப்ப நல்ல நாய்னு பாராட்டுறாங்க."

இந்த நிலையில்தான் தங்கைக்கு அந்தச் சங்கடம் வந்தது.

தங்கை ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறையில் அழைப்பு எடுக்கிறவள். அந்த அறையில் ஓடுவது இந்த மாடியில் எழுதிய மென்பொருள்தான். நெடுஞ்சாலையில் விபத்து என்றால் இடத்தைச் சொல்லத் திரையில் இரண்டு கட்டங்கள். ஒன்றில் கடைசியாகப் பார்த்த கிலோமீட்டர் கல்லின் எண், இன்னொன்றில் அதைத் தாண்டி எத்தனை கிலோமீட்டர் என்பது. இரண்டையும் கூட்டி, அருகில் நிற்கும் வண்டிக்கு மென்பொருளே தகவல் அனுப்பிவிடும். கால் முறிந்து கிடந்த ஒரு லாரி ஓட்டுநர், பன்னிரண்டாம் கல்லைத் தாண்டி மூன்று கிலோமீட்டர் என்று சொன்னார். வண்டி போய் நின்றது நூற்று இருபத்து மூன்றாம் கல்லில். வழியில் போன ஒரு காய்கறி வண்டிக்காரர் அந்த மனிதரை மருத்துவமனையில் சேர்த்தார். உயிருக்கு ஆபத்தில்லை. ஆனால் தாமதத்தால் கால் கெட்டுவிட்டது, இனி தாங்கித்தான் நடப்பார் என்றார்கள். புகார் எழுந்தது. ஆபரேட்டர் தவறாக அடித்துவிட்டார் என்று எழுதி, தங்கையை நாற்காலியிலிருந்து எழுப்பி, விசாரணை முடியும்வரை சாமான் அறைக்கு மாற்றினார்கள். விசாரணை வரும் திங்கட்கிழமை. குற்றம் உறுதியானால் வேலை போகும்.

"பன்னெண்டு போட்டேன், மூணு போட்டேன்" என்றாள் தங்கை, அக்காவின் வீட்டு நாற்காலியில் காலை மடக்கி உட்கார்ந்து. "பதினஞ்சுக்குத்தானே போகணும்? நூத்தி இருபத்து மூணுக்குப் போன ஆம்புலன்ஸ் டிரைவர் சொல்றார், ஒரு கல்லும் ஒரு ஆடும்தான் இருந்துச்சாம். ஆடு நல்லாத்தான் இருந்துச்சாம்."

ஜோக் அடித்துவிட்டு அழுதாள்.

அக்காவுக்கு அந்த நிமிஷமே புரிந்துவிட்டது. பன்னிரண்டும் மூன்றும் எண்களாக இருந்தால் கூட்டினால் பதினைந்து. எழுத்துகளாக இருந்தால் ரப்பர் அவற்றைக் கூட்டாது, பக்கத்தில் பக்கத்தில் ஒட்டிவிடும். ஒன்று, இரண்டு, மூன்று.

மறுநாள் முதலாளியிடம் போய்ச் சொன்னாள். ஒரு காலத்தில் அவரும் நிரல் எழுதியவர்தான். இப்போது கையெழுத்து மட்டும் போடுகிறார்.

"நானும் அதைத்தான் நினைச்சேன்" என்றார். "ஆனா போட்டுப் பாத்தோமே. எத்தனை தடவை போட்டாலும் பதினஞ்சுதானே வருது?"

"எப்பவாவது ஒரு வழியில எழுத்தா வருது சார். எந்த வழின்னு தெரியலை."

"அவங்க உன் தங்கச்சிம்மா. உனக்கு அப்படித்தான் தோணும்." சொன்ன பிறகு அவருக்கே ஒரு மாதிரி இருந்திருக்க வேண்டும். குரலைத் தாழ்த்தினார். "கட்டுப்பாட்டு அறையோட ஒப்பந்தம் இந்த மாசம் புதுப்பிக்கணும். ஆதாரம் கொண்டா, நான் மூடி மறைக்க மாட்டேன். வெறும் சந்தேகத்தை வச்சுக்கிட்டு நான் என்ன செய்ய?"

அவள் தன் சோதனையாளரை ஓடவிட்டாள். எல்லாம் சரி என்றது. சரி என்றுதானே சொல்லும்? கிலோமீட்டர் கணக்கில் தொட்ட இடமெல்லாம் 'எதுவும்'.

அன்று மாலை தங்கையின் வீட்டுக்குப் போனாள். விளக்கம் எழுதித் தரச் சொல்லியிருந்தார்கள்; பிழை எப்படி நேர்ந்தது என்று கேள்வி.

"என்ன எழுதினே?"

"தெரியாதுன்னு எழுதினேன். வேற என்ன எழுத? ஆனா அந்த ஒரு வார்த்தைக்குக் கையே ஓடலைக்கா. கீழ என் பேரு, கையெழுத்து வேற. ஒரு பொய்யைக்கூட நான் அதைவிடச் சீக்கிரமா எழுதியிருப்பேன்."

அக்கா எழுந்து பையை எடுத்தாள்.

"எங்க கிளம்பிட்டே? சாப்பிட்டுப் போ."

"நாளைக்குச் சாப்பிடுறேன்" என்றாள். நாளைக்கு என்றால் எந்த வேளை என்றுகூடச் சொல்லவில்லை. தங்கை அதைக் கவனித்து வாயைப் பிளந்தாள்.

மறுநாள் எல்லோருக்கும் முன்னால் அலுவலகம் போய் அவள் செய்தது சின்ன மாற்றம். 'எதுவும்' என்ற சொல்லை எடுத்துவிட்டு அந்த இடத்தில் 'தெரியாது' என்ற சொல்லை வைத்தாள். அந்தப் பகுதியை எழுதியவரின் பெயரும் பக்கத்தில் தெரியும்படி செய்தாள். நிரலின் நடத்தையில் துளி மாற்றம் இல்லை. ஒரு வார்த்தை, அவ்வளவுதான்.

வேகம்தான் முதலில் வந்தான். உட்கார்ந்தான், திரையைப் பார்த்தான், நாற்காலியோடு உருண்டு வந்தான்.

"'நோயாளியின் வயது: தெரியாது. எழுதியவர்: வேகம்.' என்ன இது? வயசு என்னன்னு எனக்குத் தெரியாதா? எண்ணு."

"அப்ப எண்ணுன்னு போடு."

"அது... சில பேர் 'அறுபது இருக்கும்'னு அடிப்பாங்களே."

"அப்ப தெரியாதுன்னே இருக்கட்டும்."

"ஒரு ரெண்டு இடத்துல இருந்தா பரவாயில்ல. என் பேர்ல தொடங்கி முடியுற வரைக்கும் தெரியாது, தெரியாதுன்னு போகுது. எங்க அம்மா பாத்தா என்ன நினைப்பாங்க?"

"உங்கம்மா ரப்பர் படிப்பாங்களா?"

"தமிழ் படிப்பாங்களே."

அவன் உருண்டு திரும்பிப்போனான். கொஞ்ச நேரத்தில் அவன் மேஜையில் டப்பா டப்பாவாகச் சீட்டு மாறத் தொடங்கியது. 'எதுவும்' என்று எழுதும்போது ஏதோ பெருந்தன்மை செய்கிற எண்ணம் இருந்தது. 'தெரியாது' என்று தன் பெயரோடு பார்க்கும்போது யாருக்கும் உட்கார்ந்திருக்க முடியவில்லை. மூலையில் ஒருவர், "எனக்குத் தெரியாதுன்னு யார் சொன்னது" என்று யாரிடம் என்றில்லாமல் முணுமுணுத்தார்.

மாப்பிள்ளை கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு வந்து நின்றார்.

"என் மொழியில என் பேரைப் போட்டு எனக்கே தெரியாதுன்னு எழுதிட்டியேம்மா."

"நீங்க 'எதுவும்'னு விட்டதுதான் மாப்பிள்ளை. நான் தமிழ்ல மாத்தினேன்."

"அதுவும் தமிழ்தானே?"

"அது பந்தாவான தமிழ். இது உண்மையான தமிழ்."

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. போய் உட்கார்ந்து கிலோமீட்டர் கணக்கைத் திறந்தார். இரண்டு எண் வாங்கும், ஒரு எண் தரும் என்று சீட்டு ஒட்டினார். பிறகு யோசித்து ஒரு நிபந்தனையும் சேர்த்தார்: விடை, அந்தச் சாலையில் கட்டுப்பாட்டு அறையின் எல்லைக்குள் இருக்கும் கடைசிக் கல்லைத் தாண்டக்கூடாது. வாய்ப்பூட்டு அவிழ்ந்தது. சோதனையாளர் குரைத்த குரைப்பில் ஆளாளுக்குத் தங்கள் பகுதியைத் திருத்தினார்கள். கடைசியில் ஒரே ஒரு இடம் மிச்சம் நின்றது. துண்டித்துப் போன பழைய அழைப்பை மறுபடி திறக்கும் பகுதி. 'இங்கிருந்து வருவது தெரியாது.'

அங்கே, நிரல் ஓடும்போது வருவதைச் சோதிக்கும் ஒரு காவலை அவள் நிற்கவைத்தாள். அவள் போட்டுவைத்த விதி எளிமையானது. இன்னது தருவேன் என்று சொல்லி, சொன்னபடி தருகிறவன் ஒரு நாளும் மாட்டமாட்டான். தெரியாது என்பவன் வாசலில்தான் சோதனை நடக்கும். தப்பு வந்தால் அந்தப் பக்கத்திலிருந்துதான் வரும்.

தங்கையைப் போனில் கூப்பிட்டாள். "அன்னிக்கு அந்த ஆளோட லைன் கட் ஆச்சா?"

"ஆமா. திரும்பக் கூப்பிட்டார். பழைய அழைப்பைத் திறந்து அதுல இருந்துதான் அனுப்பினேன். ஏன், யாரும் இதைக் கேக்கவே இல்லையே?"

எல்லோரும் அவள் மேஜையைச் சுற்றி நின்றார்கள். புது அழைப்பு, பன்னிரண்டு, மூன்று. அழைப்பைத் துண்டித்தாள். மறுபடி திறந்தாள். அனுப்பு என்று அழுத்தினாள். நிரல் நின்றது. கிலோமீட்டர் கணக்குக்கு வேண்டியது எண், வந்தது எழுத்து, கொடுத்தது பழைய அழைப்பைத் திறக்கும் பகுதி. எழுதியவர் என்ற இடத்தில் முதலாளியின் பெயர்.

அத்தனை பேர் ஒரே நேரத்தில் வாயை மூடியதில் முதலாளியே அறையை விட்டு வெளியே வந்துவிட்டார். கூட்டம் விலகி வழிவிட்டது.

"இது நான் எழுதினதா?"

"கம்பெனி தொடங்கின வருஷம்" என்றார் மாப்பிள்ளை. "முதலாளி எழுதினதாச்சேன்னு யாரும் கை வைக்கலை."

சந்தேகம் காவலை விலக்கிவிட்டு மறுபடி அழுத்திக் காட்டினாள். நூற்று இருபத்து மூன்று. அவர் அதைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அந்தக் கதவுக்குப் பின்னால் ஒரு பக்கம் ஒப்பந்தம், ஒரு பக்கம் அவள் தங்கையின் வேலை. அதன்பிறகு அவளால் ஒரு வரி எழுத முடியவில்லை. அவள் ஒரு கேள்வியும் கேட்காமல் மதியம் வரை இருந்ததை அலுவலகம் அன்றுதான் பார்த்தது.

மதியம் கதவு திறந்தது. "திங்கட்கிழமை விசாரணைக்கு நானும் வரேன்" என்றார். "மாப்பிள்ளை, கணினியை எடுத்துக்கிட்டு நீங்களும் வாங்க."

விசாரணை நடத்தியவர் கட்டுப்பாட்டு அறையின் தலைமை அதிகாரி. எதிரில் வருகிறவர்களை அளந்து பார்த்தே பழகிய அம்மா. "மெஷின் மேல பழியைப் போடுறது ரொம்ப சுலபம்" என்று ஆரம்பித்தார்.

"மெஷின் இல்லைங்க" என்றார் முதலாளி. "நான்."

ஓட்டிக் காட்டினார்கள். அதிகாரி இரண்டாம் முறையும் காட்டச் சொன்னார். பிறகு, யாரும் எதிர்பார்க்காத கேள்வியைக் கேட்டார். "இந்தச் சோதனையை நிஜ அழைப்புல விட்டுவச்சா என்ன ஆகும்? நடுவுல நின்னுடாதா? இங்க ஒவ்வொரு நிமிஷமும் உயிர்."

முதலாளி பக்கத்தில் நின்ற சந்தேகத்தைப் பார்த்தார்.

"நிக்கும் மேடம்" என்றாள். "தங்கச்சி ஒரு தடவை திரும்பக் கேட்டு அடிக்கிற வரைக்கும் நிக்கும். சோதனை இல்லைன்னா நிக்காது. நிக்காம நூத்தி இருபத்து மூணாம் கல்லு வரைக்கும் போகும்."

"யாரோட தங்கச்சி?"

ஆபரேட்டர் என்று சொல்லவேண்டும் என்று வழி நெடுக மனப்பாடம் செய்துகொண்டு வந்தவள் அவள். "என்னோட" என்றாள். "நிரூபிக்கிற வரைக்கும் சொல்லக்கூடாதுன்னு இருந்தேன்."

அதிகாரி அக்காவையும் தங்கையையும் மாறிமாறிப் பார்த்தார். "சோதனை இருக்கட்டும்" என்றார். "ரெண்டு பேரும் இருக்கட்டும்."

தங்கை மறுநாளே நாற்காலிக்குத் திரும்பினாள். லாரி ஓட்டுநருக்கு முதலாளி தன் கையால் ஒரு கடிதம் எழுதினார். மருத்துவச் செலவையும் ஏற்றார். அந்தக் கால் சரியாகவில்லை. அதைப் பற்றி அலுவலகத்தில் யாரும் ஜோக் அடிப்பதில்லை.

அந்த வாரமே தங்கை போனில் வெடித்தாள்.

"உன் காவல்காரன் என்ன பேச்சு பேசறான் தெரியுமா? 'நிபந்தனை மீறல். பொறுப்பு: அழைத்தவர்'னு திரையில போடுறான். அழைச்சவர் ரத்தம் ஒழுகிக் கிடக்கார்க்கா. அவர் எப்படிப் பொறுப்பாவார்? புதுப் பொண்ணு ஒருத்தி அதைப் பாத்துட்டு அந்த ஆளை அதட்டப் போயிட்டா."

நிரல் எழுதுகிறவர்களுக்கு 'அழைத்தவர்' என்றால், ஒரு பகுதியை வேலைக்குக் கூப்பிட்ட இன்னொரு பகுதி. இத்தனை வருஷத்தில் அந்தச் சொல்லுக்கு வேறு பொருளும் உண்டு என்று அந்த மாடியில் ஒருவருக்கும் தோன்றவில்லை. எல்லாவற்றுக்கும் எந்தப் பத்து என்று கேட்டவள், எந்த அழைத்தவர் என்று கேட்கத் தவறியிருந்தாள்.

"சரி, என்ன போடணும், சொல்லு."

"எந்தக் கட்டம், என்ன வேணும். அவ்வளவுதான். யாரு தப்புங்கிற பஞ்சாயத்தை உங்க ஆபீசுக்கு அனுப்பி வச்சுக்கோ. எனக்கு ஒரு காதுல ஆள் அழுதுக்கிட்டு இருக்கார்."

விடுமுறை நாளில் அவள் கட்டுப்பாட்டு அறைக்குப் போனாள். தங்கையின் பக்கத்து நாற்காலியில், காதில் கேட்பதற்கு மட்டும் ஒரு கருவியை மாட்டிக்கொண்டு, மடியில் கணினியை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஒவ்வொரு அழைப்பு முடிந்ததும் ஒரு செய்தியை மாற்றினாள். தங்கை சத்தமாகப் படித்தாள். "நீளம்" என்பாள்; இவள் சுருக்குவாள். "இது அதட்டுது" என்பாள், இவள் மாற்றுவாள். மத்தியானம் ஒரு அழைப்பில் நிரல் நின்றது. யாரோ ஒரு பெண், சொல்லும்போதே மூச்சு வாங்கியது. புதிதாக எழுதிய வரி திரையில் வந்தது: 'கல் எண் வேண்டும். திரும்பக் கேளுங்கள்.'

"அம்மா, பதறாதீங்க, நான் இங்கதான் இருக்கேன்" என்றாள் தங்கை. "பக்கத்துல கல்லு தெரியுதா? அதுல இருக்கற எண்ணை மட்டும் படிச்சுச் சொல்லுங்க."

அந்தப் பெண் படித்தாள். தங்கை அடித்தாள். அறையின் மறுகோடியில், வண்டி கிளம்பிவிட்டது என்று ஒருவர் கையைத் தூக்கிக் காட்டினார்.